பூனைக்கு மூன்று தலைமுறைக் கடதாசி

புதுச் செயற்குழுப் பிள்ளைகளே, நம் பூனைச் சங்கத்தின் பதிவேட்டைப் பொறுப்பெடுத்த அன்றே நீங்கள் அதைப் புரட்டிப் பார்த்து வயிறு நோகச் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். ‘இளவரசி, பாரசீகப் பூனை, பாட்டன் தெரியாது, உத்தேசம்’ என்று எழுதி, பக்கத்தில் இரண்டு சாட்சிகளின் கையொப்பமும் இருந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அந்த எழுத்து என்னுடையது. சிரித்து முடித்துவிட்டு, அது எப்படி அங்கே வந்தது என்பதையும் கேளுங்கள். நாளைக்கு நீங்களும் விதிகள் எழுதப் போகிறவர்கள்.

நான் கிளிநொச்சியில் விவசாயிகளுக்கான கமநல சேவை நிலையத்தில் எழுதுவினைஞனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற முதல் மாதம் வீட்டில் இருந்து குசினி வேலைகளைத் திருத்தப் போனேன். இரண்டாம் மாதம் என் மனைவி, “உங்களுக்கு ஒரு கூட்டம் கீட்டம் இல்லாமல் சரிவராது” என்று சொல்லி, எங்கள் பூனை பவுணைக் காரணம் காட்டி என்னை இந்தச் சங்கத்துக்கு அனுப்பிவைத்தாள். பவுண் அவளுடைய பூனை. சங்கத்துக்கு மட்டும் என் பூனை. அப்படித்தான் நான் வன்னிக்குள் சாதிப்பூனை வளர்ப்பவர்களின் செயலாளர் ஆனேன்.

சங்கத்துக்கு ஒரு யாப்பு, அதாவது விதிக்கோவை, வேண்டும் என்றார்கள். என் அலுமாரியில் ஒரு கமக்காரர் அமைப்பின் யாப்பு இருந்தது. இரணைமடுக் குளத்துத் தண்ணீருக்காகச் சண்டை பிடித்துப் பிடித்துத் திருத்திய யாப்பு, ஓட்டை இல்லாதது. ‘குளத்தின் கீழ் காணி உள்ளவர்’ என்று வந்த இடமெல்லாம் ‘பதிவுபெற்ற பூனை உள்ளவர்’ என்று மாற்றினேன். வாய்க்கால் துப்பரவு பற்றிய இரண்டு பிரிவுகளை வெட்டினேன். ஒரே பின்னேரத்தில் யாப்பு தயார். நானாகச் சேர்த்தது ஒன்றுதான்: கூட்டத்துக்குப் பூனைகளைக் கொண்டுவரக் கூடாது. அதன் காரணம் முதல் கூட்டத்துக்கு வந்தவர்களுக்குத் தெரியும், அவர்களில் ஒருவருடைய மூக்கில் இன்றும் அது தெரியும்.

அந்த யாப்பின் நாலாம் பிரிவை இங்கே எழுதிவிடுகிறேன். ‘பதிவுபெற்ற பூனை இல்லாதவர் அக்கணமே வாக்குரிமையையும் பதவியையும் இழப்பார்.’ மூலத்தில் அது, காணியை விற்றுவிட்டவர் பிறகும் கூட்டத்துக்கு வந்து தண்ணீர் பற்றித் தீர்மானிக்கக் கூடாது என்பதற்காக வைத்தது. அந்த ‘அக்கணமே’ என்ற சொல்லில் எனக்கு அப்போதே ஒரு மயக்கம்.

எங்கள் தலைவர் சிவபாதம். நீர்ப்பாசனத்தில் பெரிய வேலை பார்த்தவர், நல்ல மனிதர். இளவரசி என்ற தன் பூனையைப் பற்றிய கதை வந்தால் மட்டும் அந்த நல்ல மனிதர் எழும்பிப் போய்விடுவார். வருடாந்தக் கண்காட்சியில் இளவரசி இரண்டு வருடம் தொடர்ந்து இரண்டாம் இடம். முதலிடம் இரண்டு தரமும் சுல்தானுக்கு. சுல்தான் முல்லைத்தீவில் புடவைக்கடை வைத்திருக்கும் நஸீறாவின் பூனை. மூன்று வருடம் தொடர்ந்து வென்றால் வெற்றிக்கிண்ணம் வென்றவருக்கே சொந்தம் என்பது எங்கள் விதி. சுல்தானுக்கு ஒன்பது வயது, அதற்கு மேல் மேடை ஏறாது. ஆகவே அந்த வருடம் நஸீறாவுக்கு இருந்தது ஒரே ஒரு சந்தர்ப்பம்.

கண்காட்சிக்கு மூன்று வாரம் இருக்கும்போது தலைவர் என் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்தவர் தேத்தண்ணியைத் தொடவில்லை.

“செயலாளர், எங்கட தரத்தைக் கொஞ்சம் உயர்த்தோணும். மூண்டு தலைமுறைக்கு வம்சச் சான்றிதழ் இல்லாத பூனையை வைச்சுக்கொண்டு சாதிப்பூனைச் சங்கம் எண்டு சொல்ல ஏலுமே?”

“ஏலாதுதான்” என்றேன்.

“சில பேர் எங்கயோ இருந்து பூனையைக் கொண்டு வருகினம். தாய் ஆர், தேப்பன் ஆர்?”

சில பேர் என்றது யாரை என்று எனக்கு விளங்கியது. நஸீறாவின் குடும்பம் தொண்ணூறில் மற்ற முஸ்லிம் குடும்பங்களோடு வெளியேற்றப்பட்டு முல்லைத்தீவை விட்டுப் போய், புத்தளத்தில் நீண்ட காலம் இருந்து, திரும்பி வந்தது. சுல்தான் அங்கிருந்து வந்த பூனை. இடம்பெயர்ந்து போய் வந்த வீட்டில் பூனைக்கு என்ன கடதாசி இருக்கப் போகிறது என்று தலைவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

வெட்கம் பிறகு வந்தது. அன்று வந்தது உற்சாகம்தான். புதிதாக ஒரு விதி எழுதக் கிடைக்கிறதே. மூன்று நாள் இருந்து எழுதினேன். ‘சங்கப் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு பூனைக்கும் மூன்று தலைமுறைக்குரிய வம்சச் சான்றிதழ் இருத்தல் வேண்டும். இல்லாத பூனையின் பதிவு, தலைவர் இவ்விதியில் ஒப்பமிட்ட கணத்திலிருந்து நீங்கும்.’ வாசித்துப் பாருங்கள், எங்கேயாவது விரல் விட இடம் இருக்கிறதா? தலைவர் இரண்டு தரம் வாசித்துவிட்டு என் தோளில் தட்டினார். நான் செய்யாத வேலை ஒன்றே ஒன்று. பதிவேடு என் மேசையில் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அதைத் திறந்து பார்க்கவில்லை.

பொதுக்கூட்டம் கிளிநொச்சியில் ஒரு ரியூட்டரி வகுப்புக் கட்டடத்தின் மேல்மாடியில். பதினெட்டுப் பேர், பதினெட்டு வாக்கு. நான் விதியை வாசித்தேன். தலைவர் தரம் பற்றிப் பேசினார். கை உயர்த்தச் சொன்னோம். பதினெட்டுக் கைகளும் உயர்ந்தன. நஸீறாவின் கையும்தான். தலைவர் என்னைப் பார்த்தார், நான் தலைவரைப் பார்த்தேன். இந்த மனுசிக்கு விதி விளங்கவில்லை என்று இருவரும் முடிவு கட்டினோம். தலைவர் பேனையைத் திறந்து, பெயரின் கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு கோடும் இழுத்து ஒப்பமிட்டார்.

நஸீறா எழும்பினார். “செயலாளர், இது எப்ப இருந்து நடைமுறை?”

“இப்ப ஒப்பம் வைச்சாச்சு. இந்த நிமிசத்தில இருந்து.”

“கடதாசி இல்லாத ஆக்களுக்கு என்ன நடக்கும்?”

எனக்குக் கவலையாகக்கூட இருந்தது. தானே கேட்டு மாட்டுகிறாரே என்று நினைத்துக்கொண்டு, நாலாம் பிரிவை நிதானமாக வாசித்தேன். ‘அக்கணமே’ என்ற இடத்தில் கொஞ்சம் அழுத்தினேன்.

“அப்ப சரி” என்று சொல்லி, அவர் பையிலிருந்து ஒரு பிளாஸ்ரிக் கோப்பை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். சுல்தானின் தாய், தகப்பன், பாட்டன், பாட்டி, அதற்கு மேலும் ஒரு வரிசை. ஒவ்வொன்றுக்கும் இலக்கம், முத்திரை, ஒப்பம். புத்தளத்தில் பூனை தந்தவரின் கடிதம். ஊசி போட்ட துண்டுகள். பல் கழற்றிய துண்டுகூட இருந்தது.

“இவ்வளவும் வைச்சிருக்கிறியளே?” என்று என் வாய் கேட்டுவிட்டது.

“அண்டைக்கு ஊரை விட்டுப் போகேக்க ஒரு கடதாசியும் எடுக்கேல்லை. எங்கட காணி எங்கட காணிதான் எண்டு காட்டப் பிறகு எத்தினை வருசம் அலைஞ்சம். அதுக்குப் பிறகு நான் கடைச் சிட்டையைக்கூட எறியிறதில்லை. சரி, மற்ற ஆக்களின்ரயையும் எடுங்கோவன், பார்ப்பம்.”

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. எல்லாரிடமும் இருக்கிறது என்றே நம்பியிருந்தார், அதனால்தான் கையும் உயர்த்தியிருந்தார். நான் பதிவேட்டைத் திறந்தேன். முதற்பக்கம் இளவரசி. தலைவர் தன் வீட்டு விறாந்தையில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழின் பிரதி. மேலே தங்க நிறத்தில் ஒரு கிரீடம். தகப்பன் டைகர், தாய் லூசி. அதற்கு மேல் கோடுகள் இருந்தன, பெயர்கள் இல்லை. அடுத்த பக்கத்திலும் கிரீடம், கோடுகள். எல்லாரும் கொழும்பில் ஏதோ ஒரு கடையில் பூனையோடு அந்த வர்ணக் கடதாசியையும் வாங்கி, அதுதான் வம்சம் என்று நம்பியிருந்தோம். எங்கள் பவுணின் கடதாசியில் அதுவும் இல்லை, பாதியைக் கறையான் தின்றிருந்தது. பதினெட்டில் பதினேழு பூனை அவுட்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். விதி எழுதுகிறவனுக்கு ஒரு நாள் இப்படி ஒரு நிமிடம் வரும். மண்டபத்தில் இன்னும் ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்கு மட்டும் விளங்கியது. தலைவர் குனிந்து என் காதுக்குள், “இனி வாற பூனையளுக்கு மட்டும்தான் எண்டு சொல்லும். சமாளியும்” என்றார். சொல்லியிருக்கலாம். பதினேழு பேரும் ஓம் ஓம் என்று தலையாட்டியிருப்பார்கள்.

அந்த நேரத்தில் என் வாயிலிருந்து உண்மை வந்ததற்கு நேர்மைதான் காரணம் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் உண்மைக் காரணம் என் எழுத்தின் மேல் எனக்கிருந்த கொழுப்பு. என் விதி அப்படிச் சொல்லவில்லை. அதில் ஓட்டை இருக்கிறது என்று நானே சொல்வதைவிடப் பதவி போவது எனக்குச் சின்ன விசயமாகப் பட்டது.

“விதிப்படி நஸீறாவைத் தவிர எங்கள் ஒருத்தருக்கும் வாக்கு இல்லை. தலைவருக்கும் பதவி இல்லை. எனக்கும் இல்லை” என்று சொல்லிப் பேனையை மூடி மேசையில் வைத்தேன்.

பிறகு எல்லாரும் ஒரேயடியாகக் கதைக்கத் தொடங்கினார்கள். விதியைத் திரும்ப எடுப்போம் என்றார் ஒருவர். எடுப்பதற்கு ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும், ஏழு பேர் வாக்களிக்க வேண்டும். இருப்பது ஒரு ஆள். கூட்டத்தை ஒத்திவைப்போம் என்றார் இன்னொருவர். அவருக்கு அதைச் சொல்ல உரிமை இல்லை. வவுனியாவில் கண்காட்சி மண்டபம் பதிவு செய்தாயிற்று, கொழும்பிலிருந்து நடுவர் வருகிறார், மேடை ஏற ஒரே ஒரு பூனை. சுல்தான் கூட்டுக்குள் நித்திரை கொண்டே மூன்றாம் வருடமும் வென்று, கிண்ணத்தையும் வீட்டுக்குக் கொண்டு போய்விடும். நஸீறா பேசாமல் எழும்பி வீட்டுக்குப் போனாலே போதும்.

அவர் என்னிடம் கேட்டார். “அப்ப இப்ப கூட்டத்துக்கு ஆர் தலைமை?”

“யாப்பின்படி, பதவி வெற்றிடமானால் மிச்சமிருக்கிற உறுப்பினர்கள் நிரப்பலாம். மிச்சம் நீங்கள்தான்.”

சிவபாதம் கதிரையை விட்டு எழும்பினார். நஸீறா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய் அதில் இருந்தார். தன்னைத் தானே தலைவராக நியமித்த தீர்மானத்தைப் பதிய ஆள் இல்லாததால், என்னைத் தற்காலிகச் செயலாளராக நியமித்தார். என் வாழ்க்கையில் பதவி போய்த் திரும்பி வந்ததற்கு இடையில் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

“ஒரு பூனையோட கண்காட்சி வைச்சு வெல்லுறதுக்கு நான் முல்லைத்தீவில இருந்து பஸ் ஏறி வரத் தேவையில்லை. அதை என்ர வீட்டு விறாந்தையிலயே வைக்கலாம்” என்றார். “என்ன செய்யலாம், சொல்லுங்கோ.”

பின்வரிசையில் இருந்து வட்டக்கச்சிக் கந்தையா எழும்பினார். வெள்ளையன் என்ற பூனையின் சொந்தக்காரர், வயல் செய்பவர், அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவர். அன்று அவருக்குக் கோபம்.

“பிறப்புச் சான்றிதழ் இடம்பெயர்வோட போய், எனக்கே உத்தேச வயதுச் சான்றிதழ்தான் இருக்கு. எனக்கு இல்லாத கடதாசியை என்ர பூனையிட்டக் கேக்கிறியளே?”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களிடமும் உத்தேசம்தான் இருந்தது. நஸீறா சிரிக்கவில்லை.

“அதை என்னெண்டு எடுத்தனீங்கள்?”

“ரெண்டு சாட்சி கூட்டிக்கொண்டு போனனான். பதிவாளர் கேட்டார், தெரிஞ்சதைச் சொன்னன். தெரியாததைத் தெரியாது எண்டன். எழுதித் தந்திட்டார்.”

நஸீறா என் பக்கம் திரும்பினார். “செயலாளர், உங்கட விதியில சான்றிதழை ஆர் தரோணும் எண்டு இருக்கோ?”

பார்த்தேன். “இல்லை.”

“உத்தேசமாத் தரக்கூடாது எண்டு?”

“அப்படியும் இல்லை.” விரல் விட இடமில்லை என்று நான் மார்தட்டிய விதிக்குள் ஒரு மாட்டுவண்டி போக இடம் இருந்திருக்கிறது.

“அப்ப எழுதுங்கோ. ஒராள் ஒராளா வரச் சொல்லுங்கோ. ரெண்டு சாட்சி கட்டாயம் வேணும். பொய் சொல்லக் கூடாது.”

அன்று பின்னேரம் முழுவதும் படித்த, வேலை பார்த்த, தலை நரைத்த மனிதர்கள் வரிசையில் நின்று தங்கள் பூனைகளின் பாட்டன்மார் பற்றிச் சாட்சியம் சொன்னார்கள். வெள்ளையனின் பாட்டனைக் கண்டதில்லை, ஆனால் குறட்டை விட்டிருக்கும், ஏனென்றால் இதுவும் விடுகிறது என்றார் கந்தையா. “குறட்டையை எழுதவோ?” என்று கேட்டேன். “எழுதுங்கோ” என்றார் தலைவி. ஒரு வங்கி முகாமையாளர் தன் பூனையின் பாட்டி சுத்த வெள்ளை என்று தொடங்கி, சாட்சியின் முகத்தைப் பார்த்ததும் சாம்பல் என்று திருத்தினார். என் முறை வந்தபோது மனைவிக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். “பூனைக்குப் பாட்டனோ? கூட்டத்தில என்ன குடிக்கத் தந்தவை?” என்றாள். அதையும் பதிய வேண்டுமா என்று நான் கேட்கவில்லை.

கடைசியில் சிவபாதம் வந்தார். கையில் கிரீடம் போட்ட பிரதி. நஸீறா அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இளவரசியின்ர பாட்டன் ஆர் ஐயா?”

பெரிய பெரிய அணைக்கட்டுகளுக்கு ஒப்பமிட்ட மனிதர் அந்தப் பிரதியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். “தெரியாது” என்றார்.

“தெரியாது எண்டு எழுதுங்கோ செயலாளர். உத்தேசத்தில அதுக்கும் இடமிருக்கு. சாட்சி ஆர்?”

ஒருவரும் எழும்பவில்லை. இந்த விதியை இழுத்து வந்தவர் இவர்தானே என்ற கோபம் எல்லாருக்கும். கந்தையா யன்னலுக்கு வெளியே பார்த்தார். நான் பேனையைப் பார்த்தேன். சிவபாதம் தனியே நின்றார். அந்த மனிதரை நான் அதற்கு முன்பு அப்படிப் பார்த்ததில்லை.

“நான் நிக்கிறன்” என்றார் நஸீறா. “ரெண்டு வருசமா சுல்தானின்ர பக்கத்துக் கூட்டில பார்த்த பூனை. நல்ல பூனை. நல்லாப் பார்க்கிறார். எழுதுங்கோ.”

இரண்டாம் சாட்சி நான். பதினெட்டு வாக்கும் திரும்ப வந்ததும் செய்த முதல் வேலை அந்த விதியை நீக்கியது. நஸீறா சிவபாதத்தைக் கூப்பிட்டு, அவருடைய கதிரையில் அவரையே இருத்திவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

கண்காட்சி நாளில் வவுனியாவில் நெருப்பு வெயில். நடுவருக்கு எங்கள் கதை ஒன்றும் தெரியாது. சுல்தான் அவருடைய கையில் ஏறியதும் கண்ணை மூடி நித்திரையாகிவிட்டது. கண்ணைப் பார்க்க வேண்டும் என்று அவர் எழுப்பிப் பார்த்தார், அது எழும்பவில்லை. இளவரசி காதை நிமிர்த்திக்கொண்டு, நாட்டுக்கே ராணி என்ற நினைப்பில் இருந்தது. முதலிடம் இளவரசி. சுல்தான் இரண்டாம் இடம்.

கிண்ணத்தை வாங்கிய சிவபாதத்தின் முகத்தில் இழவு வீட்டுக்குப் போய் வந்த களை. நேரே நஸீறாவிடம் போய் அதை நீட்டினார்.

“இது உங்கட. நீங்கள் அண்டைக்குப் பேசாமல் இருந்திருந்தால் உங்களுக்குத்தான்.”

நஸீறா கையை நீட்டவில்லை. கண் கலங்கியிருந்தது, சுல்தானுக்கு இனி ஒரு மேடை இல்லை. ஆனாலும் சொன்னார். “தோத்த பூனைக்குக் கப் குடுக்கிறதெண்டால் அதுக்கும் ஒரு விதி எழுதோணும் ஐயா. செயலாளர் இப்பதான் ஒண்டு எழுதிக் களைச்சுப்போய் இருக்கிறார்.”

நான் பத்து வருடத்துக்குப் போதுமான அளவு வெட்கப்பட்டேன். நீங்கள் விதி எழுதும்போது அதை யாரோ ஒருவரை நினைத்து எழுதுகிறீர்கள் என்று தெரிந்தால், பேனையை மூடிவிட்டுப் பதிவேட்டைத் திறவுங்கள். எனக்குத் தெரிந்த புத்தி அவ்வளவுதான். மிச்சத்தை நஸீறாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்று நீங்கள் பயந்து பயந்து ‘தலைவி’ என்று கூப்பிடுவது அவரைத்தான்.

அன்று வவுனியா பஸ் நிலையத்துக்கு சுல்தானின் கூடையைத் தூக்கிக்கொண்டு போனவர் சிவபாதம். ஒரு கையில் கூடை, மறு கையில் கிண்ணம், வேர்த்து வழிய நடந்தார். நான் கூடவே போனேன், தூக்க எனக்கு ஒன்றும் தரவில்லை. முல்லைத்தீவு பஸ் வெளிக்கிட்டு, வளைவில் திரும்பி மறையும் மட்டும் நின்றார். பக்கத்தில் கச்சான்கடலை விற்றவர் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, “ஐயா, எதில வெண்டது?” என்று கேட்டார்.

சிவபாதம் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நான் வெல்லேல்லைத் தம்பி” என்றார். “எனக்கு ஒரு ஆள் சாட்சி நிண்டவா.”